சந்தனமேரி வேலையை விட்டாள்

இதை எழுதுகிறவன் சந்தனமேரியை முதன்முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். 1957-ஆம் வருஷம், ஆனி மாதத்து ஒரு காலை. கருக்காவயலிலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் என்கிற மிதப்பு அவன் தலைக்கு ஏறியிருந்தது. மடிப்புக் கலையாத வேட்டி, இரவல் சைக்கிள். நார்த்தாமலைக்குத் தெற்கே ரயில்பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் கேட்டுக் கதவு சாத்தியிருந்தது. ரயிலைக் காணோம், புகையைக்கூடக் காணோம். சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "கதவைத் தெறங்க, காலேஜுக்கு நேரமாகுது" என்று அதட்டினான்.

அந்தப் பக்கம் பச்சைக்கொடியோடு நின்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலேஜுக்குப் போற ஆளுன்னா ரயிலு ஒதுங்கிப் போகுமா?"

"ரயிலே வரலையே!"

"வரும். வந்து ஒன் மேல ஏறுனதுக்கப்புறம் 'தம்பி, வந்துருச்சு'ன்னு சொல்லவா?"

வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கொடியை ஆட்ட, இவளும் ஆட்டினாள். பிறகு கதவை இழுத்துத் திறந்துவிட்டு, "போங்க தொரை. பொறுமைன்னு ஒரு பாடம் இருந்தா அதையும் சேத்துப் படிச்சிட்டு வாங்க" என்றாள்.

கேட்டுக்காரி என்றால் அவள்தான் என்று அவன் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் போகும்போதும் அவள். மாலையில் திரும்பும்போதும் அவள். ஒருநாள் சாயங்காலம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து நீலச்சட்டை போட்ட ஒரு மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"இவுகதான் கேட்டுக்காரர்" என்றாள்.

"அப்ப நீங்க யாருக்கா?"

"நானா? நான் கேட்டுக்காரர் பொண்டாட்டி."

வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி சொன்னாள்.

அந்தக் கேட்டுக்காரர் சூசைமாணிக்கத்துக்கு ஆவூர்ப் பக்கம். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. ரயில்வேயில் வேலை கிடைத்ததை மாதாவே கொண்டுவந்து கையில் கொடுத்ததாக நினைத்தவர். கல்யாணமான கையோடு இந்தக் கேட்டுக்கு வந்தபோது இங்கே இரண்டு ஆட்கள் இருந்தார்கள். பகலுக்கு இவர், ராத்திரிக்குச் சேவுகன் என்று ஒரு பெரியவர். சேவுகன் வயதாகி வேலையிலிருந்து நின்றார். அடுத்த வாரம் ரெங்கசாமி இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து இறங்கினார். தண்டவாளத்துக்கும் அதை ஒட்டிய ஆட்களுக்கும் அந்தப் பகுதியில் அவர்தான் எல்லாம். மேலே பெரிய குடை, பின்னால் தள்ளுவதற்கு நான்கு ஆட்கள். வெயிலில் நிற்கிறவனை நிழலில் இருந்துகொண்டு விசாரிக்கிற உத்தியோகம்.

"இன்னொரு ஆள் வர்ற வரைக்கும் சமாளிச்சிருவியாய்யா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். யோசிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சூசைமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா சொன்னாச் சமாளிச்சிர்றேங்க. எஞ் சம்சாரம் இருக்கா, பாத்துக்கிடுவா" என்றார்.

அந்த ஒரு வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. இன்னொரு ஆள் வரவே இல்லை. இந்தக் கேட்டுக்கு ஒற்றை ஆள் போதும், ரயில் வராத நேரத்தில் தூங்கிக்கொள்வான் என்று மேலே எழுதிப் போய்விட்டது. 'விசுவாசமான ஆள்' என்று இன்ஸ்பெக்டர் சூசைமாணிக்கத்தின் முதுகில் தட்டினார். தட்டு வாங்கிய முதுகு ஒன்று. வேலை பார்த்த முதுகு வேறொன்று. இரவெல்லாம் அவர் விழித்திருப்பார். விடிந்தால் அவள். சோறு பொங்குவது, தண்ணீர் எடுப்பது, கதவைச் சாத்துவது, கொடி காட்டுவது, வண்டிக்காரன் வைகிற வசவுகளை வாங்கிக்கொள்வது எல்லாம் அவள். உலை கொதிக்கிறபோது ரயில் வந்தால் உலை பொங்கி அடுப்பு அணையும்; ரயில் காத்திருக்காது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. தூரத்தில் டிராலியின் குடை தெரிந்தால் போதும், "டிராலி, டிராலி" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடுவாள். தூங்குகிற மனிதரை உலுக்கி எழுப்பி, நீலச்சட்டையை மாட்டிவிட்டு, கொடியைக் கையில் திணித்து வெளியே தள்ளிவிட்டு, தான் அடுப்படியில் மறைந்துகொள்வாள். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கையில் கேட்டுக்காரர் விறைப்பாக நிற்பார். கன்னத்தில் கோரைப்பாயின் வரி பதிந்திருக்கும். அது இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், தள்ளுகிற ஆட்களுக்கும் தெரியும். தெரியாதது போல் இருந்துகொள்வதில் எல்லோருக்கும் சௌகரியம் இருந்தது, அவளைத் தவிர.

1959-இல், பொங்கல் கழிந்த வாரம், கோலார் தங்கவயலில் வேலை பார்க்கிற ஆவூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்தவர் கேட்டில் இறங்கிச் சேதி சொன்னார். சந்தனமேரியின் தங்கை அடைக்கலமேரிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இவர்களைப் பெற்றவள் இரண்டாவது பிரசவத்திலேயே போய்விட்டாள். தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் சந்தனமேரிதான். தங்கவயலுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியதோடு சரி, அப்புறம் முகம் பார்க்கவில்லை. சந்தனமேரிக்கோ பிள்ளை இல்லை.

"ஞானஸ்நானத்துக்குப் புள்ளைய எங்கக்காதான் ஏந்தணும், வேற யாரு கையிலயும் தர மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிதும்மா" என்றார் வந்தவர்.

கோயிலில் சாமியார் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிறவள் ஞானத்தாய். பெற்றவளுக்கு அடுத்தபடி பிள்ளைக்குப் பொறுப்பு அவள். தண்ணீர் ஊற்றாத பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது என்று மாமியார்க்காரி கரித்துக் கொட்டுகிறாளாம். தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு என்று அங்கே சாமியார் நாள் குறித்துவிட்டார். தவக்கால நோன்பு தொடங்கிவிட்டால் விசேஷம் வைக்க மாட்டார்கள், அதற்குமேல் தள்ள முடியாது.

பாஸ் சுலபமாகக் கிடைத்தது. கேட்டுக்காரருக்கும் சம்சாரத்துக்கும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசப் பயணம். இத்தனை வருஷமாக அந்தப் பாஸை அவர்கள் வாங்கியதே இல்லை. சந்தனமேரி ரயிலுக்குக் கொடி காட்டியிருக்கிறாளே தவிர ரயிலில் ஏறியதில்லை. பாஸில் தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கல்லூரி மாணவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

லீவுதான் கிடைக்கவில்லை. மனு ஒன்று எழுதித் தரும்படி சூசைமாணிக்கம் அந்த மாணவனிடம் கேட்டார். நல்ல ஆங்கிலத்தில், பணிவு சொட்டச் சொட்ட, அவன் ஒரு பக்கத்துக்கு எழுதினான். என்ன எழுதியிருக்கிறாய் என்று சந்தனமேரி கேட்டபோது தமிழில் சொன்னான்.

"கெஞ்சுறதுக்கு எதுக்குய்யா இங்கிலீசு? இவுக தமிழ்லயே நல்லாக் கெஞ்சுவாகளே" என்றாள்.

டிராலி வந்தது. வழக்கம்போல் கூத்து நடந்தது. அடுப்படியில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டு மடித்து விசிறிக்கொண்டார்.

"ரிலீவுக்கு ஆள் இல்லையேய்யா."

"ரெண்டு பேருக்கும் பாஸு குடுத்திருக்காங்களே, ஐயா."

"பாஸ் குடுக்கறது ஒரு ஆபீசு. ஆள் குடுக்கறது வேற ஆபீசு." கொஞ்சம் யோசித்துவிட்டு, தானம் செய்கிற முகத்தோடு சொன்னார்: "சரி, நீ போய்ட்டு வா. ஒன் சம்சாரம் இருக்கால்ல, அது பாத்துக்கிடட்டும்."

"அவதாங்க போகணும். புள்ளைய ஏந்துறது..."

"பொம்பளைக்கு எதுக்குய்யா அம்புட்டுத் தூரம்? நீ ஞானத்தகப்பனா நின்னுட்டு வா. புள்ளைய ஏந்த அங்கே வேற பொம்பளையா இல்லை?"

"கேட்டுக்கு இன்னொரு ஆளு..."

"ஒத்தை ஆளே போதும்னு நீதானேய்யா சொன்னே? நானா சொன்னேன்?"

"ஆமாங்க ஐயா" என்றார் சூசைமாணிக்கம்.

டிராலி போனபிறகு அவள் வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.

"ஆமாங்க ஐயாவா? இன்னும் ரெண்டு தடவை சொல்லிருக்கலாமே. நாக்கு தேஞ்சா போயிரும்?"

"நான் என்ன புள்ள செய்ய? அவரு மேலதிகாரி."

"கேட்டு வேலைக்கு நான் ஆளு. ஊருக்குப் போகணும்னா நான் பொம்பளை. என்ன கணக்கு இது? நான் பாக்குற வேலை அந்தாளு கண்ணுக்கு நல்லாத்தானே தெரியிது! இம்புட்டு நாளும் தெரியாதவரு மாதிரி இருந்தாரே, இன்னைக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுச்சு?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? இங்க யாரு இருக்கா? தண்டவாளந்தான் இருக்கு. கேட்டா கேக்கட்டும்."

அன்றைக்கு அடுப்பில் வைத்தது கருகிப்போயிற்று. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள் அவள். வேலையை விட்டால் இந்த வீட்டையும் விட வேண்டும், ஆவூரில் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் படுக்க வேண்டும் என்றார் அவர். மாட்டுக்கொட்டகையில் மாடு தூங்கவாவது விடும் என்றாள். இந்தச் சட்டைக்காகத்தான் ஊரில் நாலு பேர் என்னை வாங்க என்கிறார்கள், இல்லாவிட்டால் வாடா போடாதான் என்று அவர் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. மூன்று நாட்கள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

நான்காம் நாள் காலை, இரவு வேலை முடிந்து வந்தவர், நீலச்சட்டையைக் கழற்றி, மடித்து, பெட்டிமேல் வைத்தார்.

"சரி புள்ள. விட்டுர்றேன். ஒனக்கு அந்தப் புள்ளைய ஏந்தணும். வேற என்னத்தை ஒனக்கு நான் செஞ்சு குடுத்தேன்?"

அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். கழுத்துப்பட்டை கிழிந்ததைத் தைத்தது அவள். பொத்தான் மாற்றியது அவள். இதை இன்ஸ்பெக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தால் அந்த ஆளுக்கு என்ன நஷ்டம்? நாளைக்கு வேறு ஒரு சூசைமாணிக்கம் வருவான், அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள். கோபம் அவளுக்கு அப்போதுதான் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"நீங்க எதுக்கு விடணும்?" என்றாள். "ராத்திரி வேலை ஒங்க வேலை. அதைப் பாருங்க. பகல் வேலை பாக்குறது நானு. விடுறதா இருந்தா நான்தான் விடணும்."

அதற்கடுத்து டிராலி வந்த நாளில் கல்லூரி மாணவன் சைக்கிளோடு கேட்டில் நின்றான். பக்கத்தில் வைக்கோல் வண்டி ஒன்று. கதவு பூட்டியிருந்தது. தூரத்தில் குடை தெரிந்தது. சந்தனமேரி ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தகரப்பெட்டி. பொன்வண்டு நிறத்தில் ஒரு சேலை. கல்யாணத்தில் கட்டியதாக இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். விறைப்பாக நிற்கிற ஆளைக் காணோம்.

"எங்கே சூசை?"

"தூங்குறாக."

"டூட்டில தூங்குறானா?"

"ராத்திரி டூட்டி பாத்தாகல்ல, தூங்குறாக."

"அப்ப பகல் டூட்டி?"

"அது நான் பாத்தது. நேத்தோட விட்டுட்டேன்."

"எதை விட்டே?"

"வேலையை."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒனக்கு யாரும்மா வேலை குடுத்தா, நீ விடறதுக்கு?"

"யாரும் குடுக்கல. அதான் யாருகிட்டயும் கேக்காம விட்டுட்டேன்."

டிராலி தள்ளுகிற ஆட்கள் நால்வரும் தரையில் எதையோ தேடுகிறவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள். சந்தனமேரி எழுந்து, சுருட்டி வைத்திருந்த பச்சையும் சிவப்புமான இரண்டு கொடிகளையும் எடுத்துவந்து, டிராலியின் நாற்காலிமேல் வைத்தாள்.

"சும்மாதானே நிக்கிறீக? இதப் புடிங்க. கொஞ்ச நேரத்துல காரைக்குடி வண்டி வரும்."

"ஏய், இந்தத் திமிருக்கு ஒன் புருஷன் வேலை போயிரும், தெரியும்ல?"

"வேலைய விட்டுத் தூக்குங்க. அப்புறம் இந்தக் கேட்டுக்கு ஆளு போடுவீகல்ல? போடுறப்போ அவனுக்குச் சம்சாரம் இருக்கான்னு கேட்டுட்டுப் போடுங்க. இல்லாத பயலப் போட்டுராதீக, ரயில்வேக்கு நட்டமாயிரும்!"

வைக்கோல் வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சத்தம் கேட்டு சூசைமாணிக்கம் வெற்று மேலோடு வெளியே வந்தார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"என்னய்யா இதெல்லாம்? ஒன் பொண்டாட்டிக்குச் சொல்லுய்யா!"

"ஐயா..." என்றார். அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கட்டிய கையை அவிழ்த்துத் தொங்கவிட்டுக்கொண்டு, "அவ போகட்டுங்க ஐயா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவள் கொடிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "தூக்கம் வந்தாக் கதவைப் பூட்டிட்டுப் படுங்க. பூட்டிக் கெடந்தா ரயிலுக்கு ஒண்ணும் ஆகாது. ரோட்டுல வர்றவன் கத்துனாக் கத்தட்டும்" என்றாள். தகரப்பெட்டி இரவல் சைக்கிளின் பின்னால் ஏறியது. நார்த்தாமலை ஸ்டேஷன்வரை அவள் முன்னால் நடக்க, மாணவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். அன்றைக்கு அவன் கல்லூரிக்குப் போகவில்லை.

திருச்சி, ஈரோடு, ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை என்று கேட்டுக் கேட்டு மாறி, அவள் தனியாகவே போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஏந்தினாள். தண்ணீர் பட்டதும் பிள்ளை கோயிலே அதிரக் கத்தியதாம். "என் கொணம் வந்துருக்கு" என்று தங்கையிடம் சொன்னாளாம்.

திரும்பி வந்து நார்த்தாமலையில் இறங்கியபோது, அன்னவாசல் பஸ் புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் திருப்பதி அவளைக் கண்டதும் ஸ்டியரிங்கில் குத்தினான்.

"வந்துட்டீகளா தாயி? ஒங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு தெரியுமா? சந்தை அன்னைக்கு நட்ட நடுப்பகல்ல கேட்டைப் பூட்டிட்டுப் படுத்துட்டாரு. இங்கிட்டு ரெண்டு பஸ்ஸு, அங்கிட்டு வண்டியும் மாடும் கோயில் திருவிழா மாதிரி நிக்கிது. நம்ம பஞ்சாயத்துத் தலைவரு காருல இருந்துக்கிட்டு ஆரனை அமுக்கு அமுக்குன்னு அமுக்குறாரு. நான் எறங்கிப் போயி, 'யோவ் சூசை, செத்துக்கித்துப் போயிட்டியா'ன்னு கத்துறேன். உள்ளேருந்து 'தூங்குறேன்'ங்கிறாரு!"

"அப்புறம்?"

"'தூங்குறவன் பதில் சொல்லுவானாய்யா?'ன்னேன். 'ராத்திரி முழுக்க முழிச்சவன் சொல்லுவான்'ங்கிறாரு! அந்த மனுசனுக்கு இப்படிப் பேச வரும்னு யாருக்குத் தெரியும்?"

சந்தனமேரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கா தாயி?" என்று கண்டக்டர் கேட்டபோதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

கேட்டுக்காரர் தூங்குவது குற்றம் என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். ஒரு மனிதன் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும் என்பது குற்றம் என்று யாரும் எழுதவில்லை. ஆனாலும் பஞ்சாயத்துத் தலைவரின் கார் வெயிலில் நின்ற விஷயம் மேலே போய்விட்டது. சந்தனமேரி இத்தனை வருஷம் நின்ற வெயில் யார் காதுக்கும் எட்டவில்லை. தலைவர் அரைநாள் நின்ற வெயில் உடனே எட்டியது. சித்திரையில் இரண்டாவது ஆள் வந்துவிட்டான். கேட்டருகே தலைவரைப் பார்த்த இன்ஸ்பெக்டர், "நான் மேலே சண்டை போட்டு வாங்குன ஆளுங்க" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். துணி உலர்த்திக்கொண்டிருந்த சந்தனமேரி ஈரச்சேலையை ஓங்கி ஒரு உதறு உதறினாள். இன்ஸ்பெக்டரின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

அதே மாதம் சூசைமாணிக்கத்துக்குச் சம்பள உயர்வை நிறுத்தி, மானாமதுரைக்குத் தெற்கே ஒரு கேட்டுக்கு மாற்றல் போட்டார்கள். சாமான்களை ஏற்றும்போது அவள் கல்லூரி மாணவனிடம், "நீ படிச்சு முடிச்சுப் பெரிய ஆபீசருன்னு டிராலில வந்தாலும் வா. ஆனா, 'ஒன் சம்சாரம் பாத்துக்கிடட்டும்'னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிராத. வாயிலயே போடுவேன்" என்றாள்.

அவன் பி.ஏ. தேறினான். ஆபீசர் ஆகவில்லை, அன்னவாசலில் வாத்தியார்.

இன்று, 1964-இல், சூசைமாணிக்கம் அந்த மானாமதுரைக் கேட்டிலேயே இருக்கிறார். அங்கே முறை போட்டு வேலை பார்க்க இரண்டு பேர். சந்தனமேரி பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை தோறும் அவள் கூலி அவள் கைக்கே வருகிறது. கொடியைத் தொடுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பாஸ் எடுத்துத் தங்கவயலுக்குப் போய் வருகிறாள்.